ஜெயவேல் சர்வேயரின் வாசல் படங்கள்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் நைனா அவர்களை வாசலிலேயே நிறுத்திப் படம் எடுப்பார். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. 'வாங்க' என்று சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். கிளம்பும்போதும் அதே மூன்று படம். என் தாய்மாமன் ஒருமுறை, "மாமு, நான் இன்னா கன்டெய்னரா?" என்று சத்தம் போட்டுவிட்டு, போகிற படத்துக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. நைனாவுக்கு அவர் கோபித்துக்கொண்டு போனது ஒரு விஷயமே இல்லை. வந்த படம் இருக்கிறது, போன படம் இல்லை, அதுதான் அவருக்குக் குடைச்சல். அவர் பதிவின்படி மாமன் இன்னும் எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறார்.

நைனாவை ஜெயவேல் என்றால் எங்கள் விம்கோ நகரில் யாருக்கும் தெரியாது, சர்வேயர் என்றால் தெரியும். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைச் சோதிக்கிற சர்வேயர். துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வருகிற ஒவ்வொரு இரும்புப் பெட்டியையும் கேட்டிலேயே நிறுத்தி, சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, எங்கே நெளிசல், எங்கே கிழிசல், எங்கே ஓட்டை என்று எழுதிப் படமெடுக்க வேண்டும். உள்ளே போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்வார். கும்மிருட்டில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பெட்டி வெளியே போகும்போது மறுபடியும் படம். நாளைக்குக் கப்பல்காரன் வந்து 'என் பெட்டியை யார் நசுக்கினது' என்று கேட்டால் 'வரும்போதே அப்படித்தான் வந்தது, நாங்கள் பொறுப்பில்லை' என்று காட்டுவதற்குத்தான் இத்தனையும். முப்பத்தோரு வருடம் இந்த ஒரே வேலை. மனுஷனுக்கு வேறு எதுவும் தெரியாமல் போய்விட்டது.

யார்டில் கழித்துப்போட்ட ஒரு பழைய டிஜிட்டல் கேமராவை அவருக்குக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனியன். யானைக்கவுனியில் யாரோ விற்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் வாங்கி வந்து, புத்தர் படத்துக்குக் கீழே மேசை போட்டு வைத்தார். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதத்துக்கு ஒன்று, அதற்குள் 'இன்' என்று ஒன்று, 'அவுட்' என்று ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் பெயர், தேதி, கடைசியில் ஒரு குறிப்பு. பெரும்பாலும் அந்தக் குறிப்பு 'ஓகே' என்றிருக்கும். பெரியம்மா காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த படத்தின் பெயரில் 'வலது கீழ், டேமேஜ்' என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை ஸ்கூல் யூனிஃபார்மோடு காலையில் வாசலில் நிறுத்தி 'இந்தாண்ட திரும்பு' என்று சொல்கிற அப்பன் எனக்கு மட்டும்தான் இருந்தான் என்பது சிரிப்பு அடங்கிய பிறகு ஞாபகம் வரும்.

ரிட்டயர் ஆனபின் இன்னும் மோசம். காலையில் குளித்து, யார்டுக்குப் போகிற அதே காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். நாற்பதாயிரம் படங்கள். மங்கலானதைத் தூக்குவார், பெயர் மாற்றுவார், ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை அழிப்பார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைக் காலி செய்வார். யாரும் மவுஸைத் தொடக்கூடாது. கேமராவுக்கான மெமரி கார்டை மட்டும் பர்மா பஜாருக்குப் போய்ப் போய் வாங்கி வருவார். "இந்த மன்சன் சோறு துன்றாரா, கார்டு துன்றாரா?" என்று அம்மா கேட்பாள். என் அம்மா கன்னியம்மாவுக்கு அவரைத் திட்டுவது மூச்சு விடுகிற மாதிரி. திட்டுவாளே ஒழிய எதையும் தடுக்க மாட்டாள்.

இனி என் கதை. 2018 ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பகலவன், கொருக்குப்பேட்டை, கூட்ஸ் யார்டில் சூப்பர்வைசர். தாலி ஏறி, மாலையோடு கிளம்புகிற நேரத்தில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, நைனா கேமராவோடு நின்றார். மூன்று படம். 'யசோதரா, அவுட், ஓகே.'

ஐந்து மாதத்தில் திரும்பி வந்தேன். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கியவளை நைனா வாசலில் நிறுத்தினார். 'நேரா பாரு' என்றார். பார்த்தேன். 'இந்தாண்ட திரும்பு' என்றார். திரும்பினேன். யார் அடித்தது என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. எடுத்து முடித்ததும் நகர்ந்து வழி விட்டார். அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் கழித்து வீக்கம் வடிந்தது. "அவன் வந்து இட்டுகினு போறேன்றான். கெளம்பு" என்றார். மறுபடியும் மூன்று படம். ஓகே.

இப்படி நான்கு தடவை போனேன். இரண்டாவது தடவை வந்தபோது மணிக்கட்டு. மூன்றாவது தடவை உதடு கிழிந்து இரண்டு தையல். ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்தேன் என்று என் வாயாலேயே சொன்னேன், சீட்டிலும் அப்படியே எழுதினார்கள். நான்காவது தடவை முதுகு, அது படத்தில் தெரியாது, கழுத்தில் இருந்த விரல் தடம் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஆறியவுடன் அனுப்பினார்கள். நைனாவின் கண்ணுக்கு இரும்பு மட்டும்தான் தெரியும், சதை தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது எனக்கு ஒருவிதத்தில் வசதியாக இருந்தது.

ஐந்தாவது தடவை போன வருடம். என் பெண் ரமாபாயைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஐந்து வயது. இந்த முறை நெற்றி. திரும்பிப் போகமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். "மொதல்ல நில்லு" என்றார் நைனா. நின்று தொலைத்தேன்.

வண்ணாரப்பேட்டையில் ஜீனத் என்றொரு வக்கீல். அவர் மூலமாகக் கேஸ் போட்டேன். பகலவன் என் பக்கத்தில் வரக்கூடாது, குழந்தை என்னிடமே இருக்க வேண்டும், இரண்டே கோரிக்கை. அவன் பதில் மனுவில் என் மேல் ஒரு விரல்கூடப் பட்டதில்லை என்று எழுதியிருந்தான். நான் வாய்த்துடுக்குக்காரியாம், கோபம் வந்தால் அம்மா வீட்டுக்கு ஓடுகிறவளாம், அதனால் குழந்தை அவனிடம்தான் இருக்க வேண்டுமாம். ஜீனத் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆஸ்பத்திரி சீட்டு உங்களுக்கு எதிரா இருக்கு. போலீஸ்ல ஒரு புகார்கூடக் கிடையாது. வேற ஏதாவது இருக்கா? அடிபட்டப்ப எடுத்த போட்டோ, தேதியோட? இல்லேன்னா குழந்தை விஷயத்துல நான் உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடமாக என் மானத்தை வாங்கிய கேமரா. தேதியோடு, மூன்று பக்கத்தோடு, ஐந்து தடவை. நாற்பதாயிரம் படத்தில் என் பதினைந்து படம் எங்கே போய்விடும் என்று நினைத்துக்கொண்டே ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்காமல் போய் மவுஸைத் தொட்டேன். 2019, தை மாதம், 'இன்'. பெரியம்மா இருந்தாள், கேபிள்காரன் இருந்தான், தண்ணீர் கேன் போடுகிறவன் இருந்தான், நான் இல்லை. 'அவுட்' ஃபோல்டரில் இருந்தேன். பன்னிரண்டு நாள் கழித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு, கையில் பையோடு, ஓகே. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் எல்லாம் பார்த்தேன். பொங்கலுக்கு வந்துபோன படங்கள் வந்ததும் போனதுமாக ஒழுங்காக இருந்தன. அடிபட்டு வந்த ஐந்து தடவையும் வந்ததற்கான படம் இல்லை. அதில் திரும்பிப் போன நான்கு தடவையும், போனதற்கான படம் பத்திரமாக இருந்தது. இந்தக் கம்ப்யூட்டரை நம்பினால், நான் பூவும் பொட்டுமாகப் புருஷன் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்த சந்தோஷக்காரி.

"நைனா, நான் வந்தப்ப எட்த்த படம்லாம் எங்க?"

"எது?"

"மூஞ்சி வீங்கிகினு வந்தேனே. ஒதடு கிய்ஞ்சிகினு வந்தேனே. அது."

"அதுலாம் தூக்கிட்டேன்" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"ஏன்?"

"ரிப்பேர் ஆன பாக்ஸுக்கு டேமேஜ் போட்டோ எதுக்கு?"

யார்டில் அதுதான் வழக்கமாம். நசுங்கிய பெட்டியைத் தட்டி, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து முடித்தாகிவிட்டால், சேதப் படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவார்கள். இடத்தை அடைக்கக் கூடாதாம், அடுத்த தடவை அதே பெட்டி வரும்போது குழப்பக் கூடாதாம். வீக்கம் வடிந்ததும் என் கன்னத்தை அழித்திருக்கிறார். தையல் பிரித்ததும் உதட்டை அழித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளிக்கிழமை குப்பைத்தொட்டியும் காலி.

"நான் ரிப்பேர் ஆயிட்டேன்னு எவன் சொன்னான் உனுக்கு?"

"வீக்கம் எறங்கிச்சா இல்லியா? நான் பாத்துட்டுதான அனுப்ச்சேன்."

"அப்ப பாத்த."

சோறு பிசைகிற கை நின்றது.

"கேக்றேன்ல? ஒவ்வொரு வாட்டியும் பாத்த. அது அடின்னு உனுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார்.

இத்தனை வருடம் அவரைக் குருடன் என்று நினைத்துத்தான் சகித்துக்கொண்டிருந்தேன். கும்மிருட்டில் ஊசி ஓட்டை தெரிகிற கண்ணுக்கு என் மூஞ்சி தெரியாமலா இருக்கும்? தெரிந்திருக்கிறது. தெரிந்து, குறித்துவைத்து, ஆறவைத்து, அவனிடமே கொண்டுபோய் விட்டிருக்கிறார். வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். நீ மனுஷனா என்றேன். செத்தால் கொள்ளிகூட வைக்க வரமாட்டேன் என்றேன். அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். பதில் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அழித்த படங்களை மீட்க மூன்று நாள் ஆள் தேடி அலைந்தேன். திருவொற்றியூரிலிருந்து இரண்டு கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அழிந்த இடத்தின் மேல் வேறு படங்கள் ஏறிவிட்டன, வராது என்று கையை விரித்தார்கள். அவர்களையும் நைனா வாசலில் நிறுத்திப் படமெடுத்தார். கேமராவைப் பிடுங்கித் தெருவில் எறியலாமா என்றிருந்தது.

நான்காவது நாள் நைனா பால் வாங்கப் போன நேரத்தில் அம்மா ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். பழைய பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே மெமரி கார்டுகள். ஒவ்வொன்றும் சின்னக் காகித உறையில், மேலே தேதியோடு.

"கார்ட மட்டும் அய்க்க மாட்டாரு. அதான் ஒரிஜினலாம். யார்டுல கவர்ல போட்டு ஆபீஸ்ல குட்த்துடுவாராம். இங்க பாட்டில்ல போட்டு வச்சிகீறாரு."

"மூணு நாளா நான் பேஜாரா சுத்திகினு கீறேன். ஏம்மா சொல்லல?"

"அவரு சொல்லுவாருன்னு பாத்துகினு இர்ந்தேன்" என்றாள். "சொல்லல."

கார்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, என் படங்களை மட்டும் தேதிவாரியாக ஒரு ஃபோல்டரில் அடுக்கினேன். வந்தது, போனது, வந்தது, போனது. வரிசையாகப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. 'அவுட்' படங்களில் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவைப் பார்ப்பதை விட்டிருந்தேன். கல்யாணத்தன்று நேராகப் பார்க்கிறேன். கடைசிப் படத்தில் தரையைப் பார்க்கிறேன்.

ஜீனத்துக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் படம் மட்டும் போதாது என்றார். எடுத்தவரே 'இது என் கேமரா, என் கம்ப்யூட்டர், இந்தந்தத் தேதியில் நானே எடுத்தேன், எதையும் மாற்றவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூப்பிட்டால் கோர்ட்டில் வந்து நிற்கவும் வேண்டும். பேப்பரை வாங்கிவந்து நைனாவின் மேசையில் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. அதன்மேல் மவுஸை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சைன் பண்ணு நைனா."

"படம் கெட்ச்சிடுச்சில்ல. அத்தோட உடு."

"சைன் இல்லாம செல்லாதாம்."

"கோர்ட்ல கேப்பான். பாத்தியான்னு கேப்பான். பாத்துட்டு ஏன் அனுப்ச்சேன்னு கேப்பான். நான் இன்னான்னு சொல்றது?"

"எனுக்கும் தெரியணும். அங்க வந்து சொல்லு."

பேப்பர் மேலிருந்த மவுஸை அவர் எடுக்கவில்லை. ஹியரிங்குக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஜீனத்தே கிளம்பி வந்தார். வழக்கம்போல் அவரையும் வாசலில் நிறுத்தினார். நேராக, இடம், வலம். அவர் புர்காவைச் சரி செய்துகொண்டு பொறுமையாக நின்றார். அப்புறம் வாசலில் நின்றபடியே பேசினார்.

"சார், ஒண்ணு கேக்குறேன். உங்க யார்டுல சர்வேயர் கையெழுத்து இல்லாத டேமேஜ் ரிப்போர்ட்டை யாராவது வாங்குவாங்களா?"

"வாங்க மாட்டான்."

"கையெழுத்துப் போடாத சர்வேயரை என்ன சொல்வீங்க?"

நைனா உள்ளே போனார். கேமராவை மேசையில் வைத்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து, பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை படித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, யார்டில் போடுகிற மாதிரி நேரத்தையும் எழுதினார். ஜீனத்தை உள்ளே வாங்க என்று கூப்பிட மறந்துவிட்டார்.

கோர்ட்டுக்கும் காக்கிச் சட்டையில்தான் வந்தார். பகலவனின் வக்கீல் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார். ஆமாம், நான் எடுத்தது, ஆமாம், அன்றைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. அதற்காகவே காத்திருந்தவர் போலக் குரலைக் குழைத்துக் கேட்டார் வக்கீல்.

"பெரியவரே, நீங்க பெத்த அப்பா. இதெல்லாம் புருஷன் அடிச்ச காயம்னா, நாலு தடவை நீங்களே அவர்கூட அனுப்பிவெச்சிருப்பீங்களா? அனுப்பினீங்கன்னா அது அடி இல்லைன்னுதானே அர்த்தம்?"

 நைனா என்னை அனுப்பியதையே அந்த வக்கீல் எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார். பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நைனா கூண்டின் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிதான் சார். அஞ்சு வாட்டியும் அடிதான். மொத வாட்டியே எனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அனுப்பினீங்க?"

"வூட்ல வச்சிகினா நாலு பேரு பேசுவான்னு அனுப்ச்சேன். டேமேஜ் பாக்ஸ ஓகேன்னு எய்தி வெளிய உட்டா, அது பாக்ஸோட தப்பு இல்ல சார். எய்துன சர்வேயரோட தப்பு. தப்பு என்து. அத்த எய்திக்கோங்க."

மாஜிஸ்திரேட் அம்மா அதை எழுதச் சொன்னார். வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. பகலவன் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது. ரமாபாய் என்னிடம்தான். ஜீனத் போனில் சொன்னபோது நைனா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னேன். கோர்ட்டில் உண்மையைச் சொன்னார் என்பதற்காக என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. அந்த உண்மையை ஆறு வருடத்துக்கு முன்னால் வாசலில் சொல்லியிருந்தால் எனக்கு உதட்டில் தையல் வந்திருக்காது. இதை அவரிடம் சொல்லியும்விட்டேன். "ஆமா" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரமாபாயின் பிறந்தநாள் படத்தைத் தேடுவதற்காகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அடிபட்டு வந்த படங்கள் எல்லாம் அந்தந்த மாதத்து 'இன்' ஃபோல்டரில் பழையபடி வைக்கப்பட்டிருந்தன. 'அவுட்' படங்களைப் பார்த்தேன். பெயர்களை மாற்றியிருந்தார். 2019-இலிருந்து நான்கு தடவையும் 'ஓகே' என்றிருந்த இடத்தில், 'டேமேஜ். தெரிந்தே வெளியே விட்டது ஜெயவேல்' என்று இருந்தது. பன்னிரண்டு படத்திலும் அதையே ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறார்.

கல்யாணத்தன்று எடுத்த மூன்றில் மட்டும் கை வைக்கவில்லை. 'யசோதரா, அவுட், ஓகே' என்று அப்படியே இருந்தது. அது சரிதான். அன்றைக்கு நான் ஓகேயாகத்தான் இருந்தேன்.